ஆறு லிட்டர் பானையும் இரண்டு பேரும்: ஸ்லோ குக்கர் பழகிய கதை

மூடியைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கறுப்பு வளையம். பானையின் அடியில் மூன்று விரல் உயரத்துக்குக் குழம்பு. அதற்கு மேலே சுவரைச் சுற்றி, கரித்துண்டால் கோடு இழுத்த மாதிரி தீய்ந்த பட்டை. கோழித் தொடைகள் எலும்பை விட்டுக் கழன்று நார்நாராகக் கிடந்தன. எடுத்து வாயில் போட்டால் சக்கை. எட்டு மணி நேரம் குழம்புக்குள்ளேயே கிடந்த கறி எப்படி வறண்டு போகும் என்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை.

அது அக்கா கொடுத்த ஸ்லோ குக்கர், குறைந்த சூட்டில் மணிக்கணக்காக மெல்ல வேகவைக்கும் மின்சாரப் பானை. ஆறு லிட்டர், நீள்வட்டப் பானை, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். எங்கள் வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான். வாங்கும்போதே கேட்டேன், "இவ்வளவு பெருசு எங்களுக்கு எதுக்கு அக்கா?" என்று. "பெருசா இருந்தா என்னடா, கொஞ்சமா போட்டுச் செஞ்சுக்கோ" என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பெரிய சட்டியில் சின்னச் சமையல் செய்வதில்லையா? அடுப்பைக் குறைத்து வைத்தால் போயிற்று.

ஸ்லோ குக்கரில் அது நடக்காது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வாரம் ஆனது. இதில் அடுப்பைக் குறைப்பதற்கு வழியே கிடையாது. லோ, ஹை, வார்ம் என்று குமிழில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடுகிறோம்.

இந்தப் பெட்டி வேலை செய்யும் விதம் மிக எளிது. வெளியே ஒரு உலோகக் கூடு. அதன் உள்சுவரில் இடுப்பில் ஒட்டியாணம் கட்டியது போல ஒரு சூடேற்றும் கம்பிப் பட்டை. உள்ளே தடித்த பீங்கான் பானை, மேலே கண்ணாடி மூடி. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் உணவின் சூட்டை அளந்து பார்க்க எதுவுமே இல்லை. லோவில் வைத்தால் சொட்டுச் சொட்டாக ஒரே அளவு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே போகும் சூடும், மூடி வழியாகவும் சுவர் வழியாகவும் வெளியே கசியும் சூடும் சமமாகும்போது வெப்பநிலை ஒரு இடத்தில் நிற்கும். பல மாடல்களில் லோ, ஹை இரண்டுமே கடைசியில் போய் நிற்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. எவ்வளவு நேரத்தில் அங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஆக, உள்ளே இருக்கும் சரக்கு குறைந்தால் அது சீக்கிரம் உச்சிக்குப் போய், மீதி நேரம் முழுக்க அங்கேயே கிடந்து வதைபடும். நான் போட்டது மொத்தம் ஒரு கிலோகூட இல்லை. பானையின் எடை மட்டும் மூன்று கிலோவுக்கு மேல். சுவரில் பட்டை சுற்றியிருக்கும் இடத்தில் உணவே இல்லை, வெறும் பீங்கான்தான். அதில் தெறித்த குழம்பு தீயாமல் என்ன செய்யும்?

இதைத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை செய்தேன். யார் வேண்டுமானாலும் செய்யலாம். பழைய குக்கர், அடுத்தவர் கொடுத்த குக்கர் என்றால் கட்டாயம் செய்ய வேண்டும். பானையில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை சாதாரணத் தண்ணீர் ஊற்றி, மூடி, லோவில் எட்டு மணி நேரம் விட வேண்டும். முடிந்ததும் மூடியைத் திறந்த கையோடு தெர்மாமீட்டரை விட்டுப் பார்க்க வேண்டும். 85 டிகிரி செல்சியஸாவது இருந்தால் குக்கரை நம்பலாம். அதற்குக் கீழே நின்றால் உணவு பாதுகாப்பாக வேகாது, தூக்கிப் போட வேண்டியதுதான். 93-ஐயும் தாண்டிக் கொதித்துக்கொண்டிருந்தால், அது வேகமாகச் சமைக்கிற குக்கர். சமையல் குறிப்பில் எட்டு மணி என்றால் நீங்கள் ஆறில் நிறுத்த வேண்டும்.

நான் கொஞ்சம் அதிகப்படியாகப் போனேன். மெல்லிய ஒயர் வைத்த தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அந்த ஒயரை மூடியின் விளிம்புக்கு அடியில் செருகிவிட்டு, திறக்காமலே மணிக்கொருதரம் குறித்துக்கொண்டேன். ஆறு லிட்டர் பானையில் நாலு லிட்டர் தண்ணீர் ஊற்றியபோது எட்டாவது மணியில் 91. குக்கரில் குறை ஒன்றும் இல்லை. மறுநாள் அதே பானையில் ஒரு லிட்டர் மட்டும் ஊற்றி லோவிலேயே வைத்தேன். மூன்றாவது மணியில் 90-ஐத் தாண்டிவிட்டது. ஐந்தாவது மணியில் ஓரத்தில் குமிழி விட ஆரம்பித்தது. என் கோழித் தொடைகள் ஐந்து மணி நேரம் எங்கே கிடந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. கறி சுமார் 65 டிகிரியைத் தாண்டிய பிறகு ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் தசை இழை சுருங்கித் தன் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. குழம்புக்குள் கிடந்தாலும் போன சாறு திரும்ப உள்ளே போகாது.

புதிது வாங்குவதற்கு முன்னால், இருப்பதை வைத்து ஒப்பேற்றப் பார்த்தேன். சூடு தாங்கும் ஒன்றரை லிட்டர் கண்ணாடிப் பாத்திரத்தைப் பெரிய பானைக்குள் இறக்கி, சுற்றிலும் அதன் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, சமையலை உள்பாத்திரத்தில் செய்வது. வேலை செய்தது. கருகல் அடியோடு போயிற்று. ஆனால் சுற்றித் தண்ணீர், அதற்குள் பாத்திரம், அதற்குள் உணவு என்று சூடு ஏற நேரம் பிடித்தது. பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆரம்பித்தால் உள்ளே 60 டிகிரி வர மூன்று மணி நேரம் நெருங்கிவிட்டது. இது நல்லதில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் மளமளவெனப் பெருகும். அந்த எல்லைக்குள் உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது என்பது பொது விதி. ஆகவே சுற்றி ஊற்றும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றி, முதல் ஒரு மணி நேரம் ஹையில் வைத்துப் பிறகு லோவுக்கு மாற்றினேன். பெரிய குக்கரை வைத்துக்கொண்டு திண்டாடுபவர்களுக்கு இது போதுமான வழி. எனக்கு, கொதிக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து சூடான பாத்திரத்தை இரண்டு துணி வைத்துத் தூக்கும் ஒவ்வொரு மாலையும் விபத்துக்கு நாள் குறிப்பது போல இருந்தது. நாலாவது வாரம் விட்டுவிட்டேன்.

அடுத்து, சின்னதாக ஒன்று வாங்குவது. கணக்கை எப்படிப் போட்டேன் என்று சொல்கிறேன். எத்தனை பேர் என்று எண்ணுவதைவிட, ஒரு தடவை எத்தனை வேளைக்குச் சமைப்பேன் என்று பார்ப்பதுதான் சரியாக வந்தது. ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்குக் குழம்போடு சேர்த்து 400 மில்லி. இரண்டு பேர், இரண்டு வேளை என்றால் 1.6 லிட்டர். அது பானையின் மூன்றில் இரண்டு பங்காக இருக்க வேண்டும் என்றால் பானை 2.4 லிட்டர். தனி ஆளுக்கு இதே கணக்கில் ஒன்றரை லிட்டருக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு மூன்றரை லிட்டர். இதில் இன்னொரு நுணுக்கம்: பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் பெரும்பாலும் விளிம்பு வரை ததும்ப நிரப்பினால் வரும் அளவு. சமைக்கக் கிடைப்பது அதில் மூன்றில் இரண்டு, மிஞ்சினால் முக்கால்.

விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. வருஷத்தில் நாலு நாள் வரும் விருந்தாளிக்காக மிச்சம் 361 நாளும் கருகிய வளையத்தைச் சுரண்ட நான் தயாரில்லை என்றேன். அன்றைக்கு அடுப்பில் சமைத்துக்கொள்ளலாம்.

கடையில் குக்கரைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது நான் முதலில் பார்த்தது மூடி. பானைமேல் வைத்து விரலால் ஒரு ஓரத்தை அழுத்தினேன். ஒன்று லொடலொடவென்று ஆடியது, வேண்டாம் என்று வைத்துவிட்டேன். மூடி சரியாக உட்காராவிட்டால் இதில் எதுவும் சரியாக வராது. அடுத்து, உள்பானை தனியாக வெளியே வருகிறதா என்று பார்த்தேன். கூட்டோடு ஒட்டியிருப்பதைக் கழுவுவது பெரும்பாடு, அடிக்கூட்டில் தண்ணீர் போகவே கூடாது. உள்பானையும் மூடியும் உடைந்தால் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வைத்துக்கொண்டேன். அந்தக் கேள்வி பிறகு என்னைக் காப்பாற்றியது.

பீங்கானா, பூச்சுப் பூசிய உலோகப் பானையா என்று கொஞ்சம் தடுமாறினேன். உலோகப் பானையை அப்படியே அடுப்பில் வைத்து வெங்காயம் வதக்கிவிட்டுக் குக்கருக்குள் இறக்கிவிடலாம், ஒரு பாத்திரம் மிச்சம். ஆனால் பூச்சு ஒருநாள் உரியும். பீங்கானோ, கரண்டி பட்டுச் சுரண்டினாலும் கவலையில்லை, மின்சாரம் நின்ற பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். பீங்கானை எடுத்தேன். 2.5 லிட்டர், வட்டப் பானை, ஹையில் 180 வாட்.

குமிழ் வைத்த மாடலா, டிஜிட்டலா என்பதுதான் சின்ன வீட்டுக்கு முக்கியமான முடிவு. பலரும் இதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சின்னப் பானை சீக்கிரம் வேகும். நான் வெளியே போய் வர ஒன்பது மணி நேரம், சமையல் முடிவதோ ஆறு மணி நேரத்தில். மிச்ச மூன்று மணி நேரத்துக்கு யார் அணைப்பது? ஆறு மணி ஆனதும் தானாக வார்முக்கு மாறும் டைமர் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. வார்ம் என்பது 60 டிகிரிக்கு மேலே உணவைப் பிடித்து வைப்பது மட்டும். ஃப்ரிட்ஜில் இருந்ததை அதில் வைத்துச் சூடாக்க நினைக்கக் கூடாது, பல மணி நேரம் ஆகும். டிஜிட்டலில் ஒரு இடைஞ்சலும் உண்டு. மின்சாரம் போய் வந்தால் பெரும்பாலானவை அணைந்தபடியே இருக்கும். குமிழ் மாடல் தானே மறுபடி சூடேற ஆரம்பிக்கும். கேட்க இது நல்லதாகத் தோன்றும். ஆனால் நடுவில் இரண்டு மணி நேரம் ஆறிக் கிடந்தது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். அணைந்து கிடந்தாலாவது நடந்தது தெரியும். வீட்டில் ஆள் இல்லாதபோது எவ்வளவு நேரம் மின்சாரம் இல்லை என்று தெரியவில்லையென்றால், பார்க்க வெந்த மாதிரி இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். எனக்கு இதுவரை ஒரு தடவை கொட்ட வேண்டி வந்தது. வயிறு எரிந்தது, ஆனால் கெடவில்லை.

புதுக் குக்கருக்கும் தண்ணீர்ச் சோதனை நடந்தது. முதல் அரை மணியில் பிளாஸ்டிக் தீய்ந்த மாதிரி ஒரு வாடை வந்தது. புதுக் கம்பிப் பட்டையில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு எரிகிற வாடை அது. ஜன்னலைத் திறந்து வைத்தேன், போய்விட்டது. முதல் ஓட்டத்தைத் தண்ணீரோடு விடுவதற்கு இது இன்னொரு காரணம். 1.6 லிட்டர் தண்ணீர், ஆரம்பத்தில் 25 டிகிரி, லோவில். என் நோட்டில் இருப்பது: முதல் மணி முடிவில் 44, இரண்டில் 60, மூன்றில் 71, நாலில் 79, ஆறில் 88, எட்டில் 92. ஹையில் அதே தண்ணீர் நாலு மணி நேரத்தில் 95.

இரண்டாவது மணியில் 60 என்பதை உற்றுப் பாருங்கள். 25 டிகிரியில் ஆரம்பித்ததே எல்லையைத் தொட்டுத்தான் கடக்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறியும் காயும் ஐந்தாறு டிகிரியில் ஆரம்பிக்கும், கடக்க இன்னும் முக்கால் மணி நேரமாவது கூடுதலாகப் பிடிக்கும். உறைந்த கறியை அப்படியே போட்டால் சொல்லவே வேண்டாம். அதனால் இப்போது என் வழக்கம் இது: கறியை முழுக்க உருக வைப்பேன், ஊற்றும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றுவேன், முதல் மணி நேரம் ஹை. அதன் பிறகு லோ. இதைச் செய்த நாளில் ஒயர் தெர்மாமீட்டர் ஐம்பது நிமிடத்திலேயே 60-ஐக் காட்டியது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பானையில் கொதிநீரை ஊற்றக் கூடாது, பானை அறைச் சூட்டில் இருக்க வேண்டும். முதல் நாள் இரவே எல்லாவற்றையும் நறுக்கிப் பானையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு. நறுக்கி வைப்பது சரி, வேறு டப்பாவில் வையுங்கள்.

மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையைப் பற்றி ஒரு அளவு. ஐந்தாவது மணியில், 84 டிகிரியில் இருக்கும்போது, மூடியைத் திறந்து கிளறி, உப்புப் பார்த்து, மூடினேன். மொத்தம் ஒரு நிமிடம். பழைய சூட்டுக்குத் திரும்ப இருபத்தைந்து நிமிடம் ஆனது. இதன் அடுப்பு ஒரு பழைய பல்பு அளவுக்கு மின்சாரம் குடிக்கிற அடுப்பு, இழந்ததை உடனே ஈடுகட்டத் தெம்பு இல்லை. நாலு தடவை ருசி பார்க்கிறவர் வீட்டில் சமையல் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போகும். கண்ணாடி மூடியில் ஆவி படிந்து உள்ளே தெரியவில்லை என்றால், மூடியைத் தூக்காமல் லேசாகச் சுழற்றுங்கள். சொட்டுகள் வழிந்து ஒரு ஜன்னல் கிடைக்கும்.

காயும் கறியும் இதில் தலைகீழ். அடுப்பில் உருளைக்கிழங்கு சீக்கிரம் வெந்துவிடும், கறிக்குத்தான் காத்திருப்போம். இங்கே நாலு மணி நேரத்தில் கோழி வெந்திருக்கும், காரட் கடித்தால் 'கடக்' என்னும். காய்களின் செல்களை ஒட்டிவைக்கும் பெக்டின் இளக ஏறக்குறைய 85 டிகிரி வேண்டும். என் நோட்டின்படி அது ஐந்தாவது மணிக்கு மேல்தான் வருகிறது. கறியை இறுகவைக்கும் கொலாஜன் என்ற புரதம் 70 டிகிரி வாக்கிலேயே மெள்ள மெள்ள ஜெலட்டின் என்ற வழவழப்பான பொருளாக உருகத் தொடங்கிவிடும். அதனால் கிழங்கும் காரட்டும் இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக அடியிலும் சுவரை ஒட்டியும், கறி பெரிய துண்டுகளாக மேலே. கறியிலும் வேலை செய்து இறுகிய கால், தோள் பக்கம்தான் இதற்கு லாயக்கு. கொலாஜன் அதிகம், சாறு போனாலும் ஜெலட்டின் வாயில் ஈரம்போலத் தெரியும். கோழி நெஞ்சுக்கறியை இதில் போடுவதை நான் நிறுத்திவிட்டேன். அதற்கு எத்தனை மணி நேரம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அடுப்பு.

தண்ணீர் விஷயத்தில் நாலைந்து தடவை ரசமாகவே வந்தது. அடுப்புச் சமையலில் பாதி தண்ணீர் ஆவியாகப் போகும், இதில் ஆவி மூடியில் மோதித் திரும்பப் பானைக்குள்ளேயே விழும். கிச்சன் தராசில் வைத்துப் பார்த்தேன்: ஒன்றேமுக்கால் கிலோ சமையலில் எட்டு மணி நேரத்தில் போனது 90 கிராம்தான். போதாக்குறைக்கு வெங்காயமும் தக்காளியும் தங்கள் தண்ணீரை விடும். அடுப்புக் குறிப்பில் சொன்ன தண்ணீரில் பாதி ஊற்றினால் போதும். அப்படியும் நீர்த்துப்போனால் கடைசி அரை மணி நேரம் ஹையில் வைத்து மூடியை லேசாக விலக்கலாம், அல்லது வெந்த கிழங்கில் நாலு துண்டைக் கரண்டியால் மசித்துக் கலக்கலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. பால், கிரீம் வகைகள் கடைசி அரை மணிக்கு முன்னால் உள்ளே போகக் கூடாது, திரிந்துவிடும்.

எல்லாவற்றையும் பச்சையாகப் போட்டு மூடிவிட்டால் சாப்பாடு தயார் என்று சொல்வதை நம்பி ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். வெந்திருக்கும், மென்மையாக இருக்கும், ஆனால் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு வாசனை. வறுத்த மணமும் பழுப்பு நிறமும் வர 140 டிகிரியாவது வேண்டும், இந்தப் பானையில் குழம்பின் சூடு 100-ஐத் தாண்டவே தாண்டாது. வெங்காயத்தைத் தனியே பொன்னிறமாக வதக்கி, கறியை இரண்டு பக்கமும் சிவக்கவிட்டு, அந்த வாணலியில் ஒட்டியதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுரண்டி ஊற்றுகிறேன். பதினைந்து நிமிட வேலை. அந்தப் பதினைந்து நிமிடம் இல்லாத நாட்களில் ஸ்லோ குக்கரை எடுப்பதே இல்லை.

பயறு வகைக்கு வருகிறேன், இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். ராஜ்மாவை, அதாவது சிவப்பு கிட்னி பீன்ஸை, ஊறவைத்து நேராக இந்தக் குக்கரில் போடக் கூடாது. அதில் பைட்டோஹீமாக்ளுட்டினின் என்று ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். ஆனால் 80 டிகிரி வாக்கில் அரைகுறையாகச் சூடேறினால் பச்சைப் பயறைவிட ஐந்து மடங்கு வரை வீரியம் கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. நாலைந்து பயறு போதும் வாந்தி பேதியில் தள்ள. சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிடும். மேலே இருக்கும் என் லோ அட்டவணையைப் பாருங்கள், நாலாவது மணியில் 79. அதாவது இந்த நச்சுக்குத் தோதான சூட்டைத்தான் இந்தப் பெட்டி மணிக்கணக்கில் கொடுக்கிறது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பில் தளதளவெனக் கொதிக்கவிட வேண்டும். 10 நிமிடக் கொதியில் நச்சு அழியும். அதே நிர்வாகம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் 30 நிமிடம் என்கிறது. நான் 30-ஐப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு குக்கருக்குள் போகலாம். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை. தக்காளி போன்ற புளிப்பைப் பயறு வெந்த பிறகே சேருங்கள், முன்னாலேயே போட்டால் எட்டு மணி நேரமானாலும் தோல் விறைப்பாகவே இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெட்டி பிறந்ததே பயறுக்காகத்தான். இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர் 1940-இல் காப்புரிமை பெற்ற இந்த அடுப்புப் பானை 'நாக்சன் பீனரி' என்ற பெயரில் விற்றது, பீன்ஸ் வேகவைக்கும் பானையாக. 1970-இல் ரைவல் நிறுவனம் அதை வாங்கி, அடுத்த வருஷம் 'கிராக்-பாட்' என்று பெயர் மாற்றி விற்ற பிறகுதான் கறியும் குழம்பும் அதற்குள் வந்தன.

நாலாவது மாதம் பானையை உடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவு, குழம்பை டப்பாக்களில் மாற்றியதும், அடியில் ஒட்டியது ஊறட்டும் என்று பானையைத் தொட்டிக்குள் வைத்துக் குழாயைத் திறந்தேன். 'டிக்'. அவ்வளவுதான் சத்தம், நகம் வெட்டுவது போல. பார்த்தால் ஒன்றும் இல்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது அடியிலிருந்து விளிம்பு வரை தலைமுடி போல ஒரு கோடு. விரலால் தடவினால் தட்டுப்படவில்லை. பானையைத் துடைத்து ஒரு காகிதத்தின்மேல் வைத்தேன், பாதியளவு தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் காகிதத்தில் பிறை வடிவத்தில் ஈரம். ஒட்டுப் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். உணவு படும் இடம், மணிக்கணக்காகச் சூடு, உள்ளே கசிந்தால் கீழே மின்கம்பி. எந்தப் பசையையும் நம்பி இதைச் செய்யக் கூடாது. உள்பானை தனியாகக் கிடைக்கும் மாடல் என்பதால் பதினைந்து நாளில் புதியது வந்தது. இப்போது காலி செய்த பானை ஆறும் வரை அடுப்பு மேடையிலேயே கிடக்கும். ஊறவைக்க வேண்டுமானால் வெந்நீர்தான்.

சின்ன ரிப்பேர் ஒன்று. மூடியின் கைப்பிடி திருகு லூசாகி, அந்த ஓட்டை வழியாக ஆவி ஊதிக்கொண்டிருந்தது. எட்டாவது மணியில் 92 வர வேண்டிய இடத்தில் 87தான் வந்தது, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். பழைய ரப்பர் வாஷர் வெப்பத்தில் விறைத்து வெடித்திருந்தது. சூடு தாங்கும் சிலிக்கோன் வாஷர் ஒன்றைப் போட்டு, கையால் இறுகும் வரை திருகி, ஸ்குரூ டிரைவரால் கால் சுற்று. அதற்கு மேல் முறுக்கினால் கண்ணாடி போய்விடும்.

மின்செலவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பிளக்கில் மாட்டும் மீட்டர் வைத்து அளந்தேன்: லோவில் எட்டு மணி நேரத்துக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேலே. பெரிய ஓவனில் மணிக்கணக்கில் வேகவைப்பதைவிடக் குறைவு. பிரஷர் குக்கரைவிட மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே பயறைப் பிரஷர் குக்கர் அரை மணியில் முடித்துவிடும். இதை வாங்குவது பணத்தை மிச்சப்படுத்த அல்ல, அடுப்படியில் நிற்கும் நேரத்தை மிச்சப்படுத்த.

கடைசியில் எனக்கு ஒத்துவந்த நேரம் பகல் இல்லை, ராத்திரி. பத்து மணிக்குப் போட்டால் காலை ஆறுக்கு முடியும். வீட்டிலேயே இருக்கிறோம், மின்சாரம் போனாலும் தெரியும். காலையில் அகலமான தட்டை டப்பாக்களில் பிரித்து, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். பானையோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் தடித்த பீங்கான் ஆறப் பாதி நாள் ஆகும், நடுவில் கெட்டுவிடும். ராத்திரிச் சமையலில் ஒரே தொந்தரவு வாசனை. முதல் தடவை எலும்புச் சாறு வைத்தபோது விடிகாலை நாலு மணிக்கு என் மனைவி எழுப்பினாள். "ஏங்க, யாரோ அடுப்படியில சமைக்கிறாங்க." இப்போது குக்கர் பின்பக்க அறையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கல் பதித்த மேடைமேல் இருக்கிறது. அதன் ஒயர் குட்டையாக இருப்பது, யாரும் தெரியாமல் இழுத்துக் கவிழ்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். அதற்கு எக்ஸ்டென்ஷன் போடவில்லை.

ஆறு லிட்டர் குக்கரை அக்காவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் வீட்டில் மாமனார் மாமியாரோடு சேர்த்து ஏழு பேர். நாலு லிட்டர் நிரப்பிச் செய்தால் அவளுக்கு அது அருமையான பானை என்று சொல்லி, முதல் மணி ஹை, பிறகு லோ, திறக்கவே கூடாது என்று மூடியிலேயே டேப் ஒட்டி எழுதிக் கொடுத்தேன். முதல் தடவை வைத்த அன்று மூன்றாவது மணியில் போன் வந்தது.

"டேய், கொதிக்கவே இல்லையேடா."

"கொதிக்காது அக்கா. கொதிக்கக் கூடாது. திறக்காம விடு."

"சரி, மூடிடறேன்."